வண்டியில் எதை மாட்டுகிறோம்?

ராபர்ட் பிர்சிக்கின் 'ஸென் அண்ட் த ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' (1974) நாவலில் ஒரு சின்ன மனக்கசப்பு வருகிறது. நண்பர் ஜானின் புது பி.எம்.டபிள்யூவில் ஹேண்டில்பார் நழுவுகிறது. எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்கவில்லை. கதைசொல்லி ஒரு வழி சொல்கிறார்: காலி பீர் கேனிலிருந்து ஒரு துண்டு அலுமினியத் தகட்டை வெட்டி இடுக்கில் செருகினால் போதும். மெல்லிசானது, வளையும், துருப்பிடிக்காது. ஜானின் முகம் மாறிவிடுகிறது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஜெர்மன் வண்டிக்குப் பீர் கேனா? பேச்சு அத்தோடு நின்றுவிடுகிறது.

ஜானுக்கு வண்டி என்பது செய்து முடிக்கப்பட்ட பொருள். கதைசொல்லிக்கு அது இன்னும் செய்துகொண்டிருக்கிற பொருள். நாவலின் தத்துவ விசாரம் பெரும்பாலும் இந்த வித்தியாசத்திலிருந்துதான் கிளைக்கிறது. ஆனால் 2020-களின் தமிழ்நாட்டில் பிர்சிக் பார்க்காத மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் பீர் கேனையும் வெட்ட மாட்டார், முகத்தையும் சுளிக்க மாட்டார். கறுப்பு அனோடைஸ் பண்ணிய, லோகோ பொறித்த 'ஹேண்டில்பார் ஷிம் கிட்' ஒன்றை ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டு, அது வந்ததும் போட்டோ எடுத்துப் போடுவார். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. அவர் எழுதும் பயணக் கட்டுரைகளைப் பற்றியதும்கூட.

*

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் ஓர் உதிரிபாக ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். என்னிடம் பழைய 411 சிசி ஹிமாலயன் ஒன்று இருக்கிறது. ஆகவே இந்த விஷயத்தை நான் இரண்டு பக்கமிருந்தும் பார்க்கிறேன்.

ராமானுஜர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். அதைச் சுற்றி இன்று ஹூண்டாய், ரெனோ–நிஸான், டெய்ம்லர், யமஹா, அப்போலோ டயர் என்று ஆலைகளின் வரிசை. 1955-இல் திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கிய என்ஃபீல்டு, 2013-இல் ஒரகடத்திலும் 2017-இல் வல்லம் வடகாலிலும் ஆலை திறந்தது. இந்தியாவில் 'லாங் ரைடு' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனதில் வரும் படம் பனிமலை. அந்தப் படத்தில் நிற்கிற வண்டி பெரும்பாலும் எங்கள் பக்கத்துப் பொட்டல் வெயிலில் பூட்டப்பட்டது.

2016-இல் ஹிமாலயன் வந்தபோது அது ஒரு வாக்கியத்தை மாற்றி எழுதியது. அதற்கு முன் தூரப் பயணம் போகிறவர்கள் புல்லட்டை வாங்கி, பட்டறையில் கேரியர் வெல்டிங் பண்ணி, பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு மாதிரி. ஹிமாலயனோ 15 லிட்டர் டேங்க், முன்னால் 21 அங்குலச் சக்கரம், தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம், பின்னால் கேரியர், டேங்கின் இரு பக்கமும் கேன் மாட்டுவதற்கான கம்பிச் சட்டம் என்று வந்தது. பட்டறைக்காரர் செய்ததை ஆலையே செய்துவிட்டது. சட்டம் மட்டும் காலியாக இருந்தது. "இதில் எதையாவது மாட்டு" என்று வண்டியே சொல்வது மாதிரி.

வடிவமைப்பாக அது ஒரு நல்ல பிரதி என்றே இன்றும் நினைக்கிறேன். அடக்கமான வண்டி. வேகத்தைக் காட்டிப் பயமுறுத்தாது. 800 மில்லிமீட்டர் சீட் உயரத்தில் சராசரித் தமிழ் உடம்புக்குக் கால் தரையில் படும். 2023-இல் வந்த 452 சிசி ஹிமாலயன் இன்னும் திறமையானது: 40 குதிரைத்திறன், நீர் குளிர்விப்பு, ஆறு கியர். ஆனால் பழைய வண்டியின் அந்த இடைவெளி, வாசகன் நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்ட மௌனம், புதியதில் குறைவு. நிரப்புவதற்கான பொருட்களும் கூடவே பட்டியலாக வந்துவிடுகின்றன. கம்பெனியே நடத்தும் அந்தத் திட்டத்தின் பெயர் 'மேக் இட் யுவர்ஸ்'. உங்களுடையதாக்குங்கள். எப்படி? எங்கள் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து.

*

தூரத்துக்காக வண்டியை மாற்றுவது என்றால் உண்மையில் என்ன? இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் பயணக் கட்டுரைகள் நிற்காமல் தாண்டிப் போகும் இடம் இதுதான்.

தூரம் முதலில் உடம்பில்தான் எழுதப்படுகிறது. இருநூறு கிலோமீட்டர் தாண்டியதும் உட்காரும் எலும்புகள் பேச ஆரம்பிக்கும். நானூறில் மணிக்கட்டு, ஐநூறில் கழுத்து. சீட், ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட் என்ற மூன்று புள்ளிகள் சேர்ந்த முக்கோணம்தான் வண்டிக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள இலக்கணம். நின்றுகொண்டு ஓட்டும்போது குனிய வேண்டியிருந்தால் ஹேண்டில்பாரை அங்குலக் கணக்கில் உயர்த்தலாம். உயர்த்தினால் கேபிள்கள் இழுபடும், பிரேக் ஹோஸ் இறுகும். ஒரு சொல்லை மாற்றினால் வாக்கியம் முழுக்க அசைகிறது.

விண்ட்ஷீல்டும் அப்படித்தான். உயரமாக வைத்தால் காற்று படாது என்பது பாதி உண்மை. தவறான உயரத்தில் வைத்தால் கண்ணாடியின் விளிம்பில் உடைந்த காற்று நேராக ஹெல்மெட்டில் வந்து குடையும். நெஞ்சில் சீராக மோதும் காற்றைவிட தலையில் சுழலும் காற்று நம்மைச் சீக்கிரம் களைக்க வைக்கும்.

பெட்டிகள். எடை பின்னச்சுக்குப் பின்னாலும் உயரத்திலும் ஏற ஏற முன்சக்கரம் லேசாகும், வேகத்தில் வண்டி பாம்பு மாதிரி ஆடத் தொடங்கும். கனமானது கீழே, நடுவில், உடம்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் போட்டோவில் அழகாக விழுவது பின்னால் உயர்ந்து நிற்கும் அலுமினியப் பெட்டி.

விளக்குகள். வண்டியின் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்துக்கு ஓர் அளவு உண்டு. இரண்டு கூடுதல் விளக்கு, போன் சார்ஜர், சூடாகும் கைப்பிடி என்று அடுக்கினால், மெதுவாகப் போகும் மலைச்சாலையில் பேட்டரி நிரம்பாமல் கரையும். ரிலேயும் ஃப்யூஸும் இல்லாமல் ஸ்விட்சுக்கு நேராக வயர் இழுத்தால், எங்கே உருகும் என்பது மட்டும்தான் கேள்வி.

டயர். 411-இல் ஸ்போக் சக்கரம், உள்ளே ட்யூப். 450-கூட முதலில் ட்யூபோடுதான் வந்தது, ட்யூப்லெஸ் ஸ்போக் சக்கரம் பிறகுதான் கிடைத்தது. பலர் ஸ்போக் முனைகளை சீலண்ட் வைத்து அடைத்து ட்யூப்லெஸ் ஆக்கிக்கொள்கிறார்கள். ஆணி குத்தினால் சக்கரத்தைக் கழற்றாமலே அடைத்துவிட்டுப் போகலாம், பெரிய வசதி. ஆனால் பாறையில் இடித்து ரிம் நெளிந்தால் காற்று நிற்காது. ட்யூப் இருந்தால் நெளிந்த ரிம்மோடும் ஊர் போய்ச் சேரலாம். எந்தக் கிராமத்துப் பங்க்சர் கடைக்காரருக்கும் ட்யூப் தெரியும். எது சரி? எந்தச் சாலை என்பதைப் பொறுத்தது.

நான் என் வண்டிக்குச் செய்தது மூன்றுதான்: சீட்டின் ஃபோமை மாற்றினேன், ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தினேன், ட்யூபை அப்படியே விட்டேன்.

சென்னையில் ஜி.பி. ரோடு கடைக்குப் போனால் "ப்ரோ, லடாக்கா? ஃபுல் கிட் இருக்கு ப்ரோ" என்பார்கள். புதுப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் வேறு மாதிரி. "தம்பி, மொதல்ல ஐநூறு கிலோமீட்டர் சும்மா ஓட்டிட்டு வா. எங்க வலிக்குதுன்னு சொல்லு. வலிக்கிற எடத்துக்கு மட்டும் மாத்துவோம்" என்றார். நான் படித்த விமர்சனக் கோட்பாடு எதிலும் இதைவிடச் சுருக்கமான முதல் விதி இல்லை. பிரதியை முதலில் படி. எங்கே இடறுகிறது என்று பார். அப்புறம் கை வை.

*

நமக்கு இது புதிய கலையும் இல்லை. நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறைகளை நினைத்துப் பாருங்கள். ஆலையிலிருந்து சேசிஸ் எலும்புக்கூடாக வரும். கேபின், படுக்கை, பின்பாடி எல்லாம் தச்சரும் வெல்டரும் பெயின்டரும் கட்டுவார்கள். டிரைவர் படுக்கிற பலகையின் அகலம், சாமி படத்துக்கு இடம், தண்ணீர் கேனுக்கு வளையம் எல்லாம் வாரக்கணக்கில் சாலையில் வாழ்ந்தவர்களின் உடம்பு சொன்ன திருத்தங்கள். தூரப் பயணத்துக்காக வண்டியை மாற்றுவதில் தமிழ்நாட்டின் செவ்வியல் மரபு என்று ஒன்று இருந்தால் அது இதுதான். இன்று ஒரகடத்தில் 2012 முதல் உருவாகும் பாரத்பென்ஸ் லாரி முழுக் கேபினோடு வெளியே வருகிறது. டிரைவருக்கு அது பாதுகாப்பானதுதான், மறுக்க முடியாது. ஆனால் கேபினுக்குள் அவர் சொல்ல இடமிருந்த ஒரு பத்தி அடிக்கப்பட்டுவிட்டது.

சட்டமும் மூல ஆசிரியர் பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே வருடத் திருத்தத்தில், விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. நள்ளிரவில் தெருவையே எழுப்பும் சைலன்ஸர்களை நினைத்தால் இந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. ஆனாலும் பட்டறையின் கை சந்தேகத்துக்குரியது, கம்பெனிப் பட்டியல் பத்திரமானது என்ற எண்ணம் நமக்குள் இறங்கிவிட்டது. வாங்குவது மாற்றம், செய்வது குற்றம்.

*

இப்போது பயணக் கட்டுரைகளுக்கு வருகிறேன். இணையத்தில் தமிழில் நிறைய வருகின்றன, ஆர்வத்தோடு படிக்கிறேன். அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: வேலையில் சலிப்பு, வண்டி, மாட்டிய பொருட்களின் பட்டியல், மழை, டாபாவில் ஒரு பெரியவரின் ஞானம், கார்துங் லா, கண்ணீர். கார்துங் லாவில் பல காலம் இருந்த பலகை 18,380 அடி என்றது. அளந்து பார்த்தவர்கள் சொல்வது சுமார் 17,580 அடி. எண்ணூறு அடி மிகை. அந்தப் பலகைக்குக் கீழே நின்று எழுதப்பட்ட உரைநடையிலும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் மிகை இருக்கிறது.

மிகையைக்கூட மன்னிக்கலாம். என் குறை வேறு: இவற்றில் இயந்திரம் பட்டியலாக மட்டும் வருகிறது, அதைச் செய்தவர்கள் வருவதே இல்லை. சே குவேராவின் 1952 பயணக் குறிப்பில் நார்ட்டன் வண்டி சிலியில் செத்துப்போகிறது. அதற்குப் பிறகுதான் லாரிகளில் தொற்றிக்கொண்டு, நடந்து, சுக்கிகமாட்டா செம்புச் சுரங்கத்தின் மனிதர்களிடம் அவர் போய்ச் சேர்கிறார். வண்டி உடைந்ததும் உலகம் உள்ளே வருகிறது. நம்முடைய 'ஃபுல் கிட்' வண்டிகள் உலகம் உள்ளே வராமலிருக்கத்தான் தயாராகிக் கிளம்புகின்றனவோ என்று சில சமயம் தோன்றுகிறது.

உடைய வேண்டும் என்று சொல்லவில்லை. தூரம் என்ற சொல்லைக் கொஞ்சம் அளந்து பார்க்கலாம் என்கிறேன். செய்யாற்றிலிருந்து காஞ்சிபுரம், வாலாஜாபாத் வழியாக ஒரகடம் வர அறுபது கிலோமீட்டருக்குக் குறையாது. கம்பெனி பஸ் கிடைக்காத ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இதை பைக்கில் போய் வருகிறார் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர். 26 நாளைக்கு 3,120. சாலை வழியாக சென்னையிலிருந்து லே போய்ச் சேரும் தூரம் ஏறக்குறைய இதுதான். மாதாமாதம், ஷிப்ட் முடிந்த தூக்கக் கண்ணோடு, பழைய ஸ்ப்ளெண்டரில்.

அந்த வண்டிகளும் மாற்றப்பட்டவைதான். வேலை பார்த்த காலத்தில் பார்க்கிங்கில் நின்று பார்த்திருக்கிறேன். சீட்டின் மேல் தேங்காய் நார் மெத்தைத் துண்டு வைத்துத் தைத்த உறை. மழைக்கு முட்டியை மறைக்க, லெக்கார்டில் கட்டிய ரெக்சின். டிபன் பாக்ஸுக்காக டேங்க் கவரில் தைத்த பை. எதிரே வரும் லாரி வெளிச்சத்துக்காக ஹெல்மெட் கண்ணாடியின் மேல்பாதியில் ஒட்டிய கறுப்புத் தாள். ஒன்றுகூட அலங்காரம் இல்லை, எல்லாமே வலித்த இடம். புதுப்பேட்டைக்காரரின் விதி இங்கே சொல்லாமலே கடைப்பிடிக்கப்படுகிறது. பிர்சிக்கின் கதைசொல்லி இந்த பார்க்கிங்கைப் பார்த்திருந்தால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம் எழுதியிருப்பார்.

2018 செப்டம்பரில் ராயல் என்ஃபீல்டின் ஒரகடம் தொழிலாளர்களும் யமஹா தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024-இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி 37 நாள் போராட்டம் நடந்தது. 2018 இறுதியில் வந்த லடாக் கட்டுரைகள் சிலவற்றைத் தேடிப் படித்தேன். வண்டி டெலிவரி தாமதமானது பற்றிய வருத்தம் ஒன்றில் இருந்தது. ஏன் தாமதம் என்று அதில் ஒரு வரி இல்லை.

எழுதுகிறவர் எல்லாம் தொழிற்சங்கக் கட்டுரை எழுத வேண்டும் என்பது என் வாதம் இல்லை. பனிமலை அழகுதான், போய் வாருங்கள், எழுதுங்கள். ஆனால் பொருட்பட்டியல் எழுதுகிற பத்தியில் கொஞ்சம் நில்லுங்கள். ஒவ்வொரு பொருளும் உங்கள் உடம்பின் எந்த வலிக்குப் பதில், யார் கையால் மாட்டப்பட்டது, எதைக் கழற்றி எறிந்தீர்கள் என்று எழுதினாலே அந்தப் பத்தி இலக்கியமாகிவிடும். நம்மிடம் இல்லாதது அந்தப் பத்திதான்.

வண்டியில் நாம் மாற்றவே கூடாத ஒன்று உண்டு: சேசிஸ் நம்பர். எந்தக் கம்பெனி, எந்த வருடம் என்பது அதில் குறியீடாக இருக்கிறது. புத்தகத்தின் பதிப்பு விவரப் பக்கம் மாதிரி. எந்த ஷிப்ட், யாருடைய கை என்பது மட்டும் அதில் இல்லை.