வேலிக்குள் ஒரு நாட்டின் காடு

சிட்னியிலோ மெல்பர்னிலோ வாழும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோரை முதல் சில நாட்களிலேயே அழைத்துப்போகும் இடங்களில் ஒன்று காட்டுயிர்க் காப்பகம். உள்ளங்கையில் தீனியை ஏந்தி நின்றால் கங்காரு வந்து தின்னும். மரக்கவட்டில் கோலா உறங்கிக்கொண்டிருக்கும். படம் எடுத்து ஊருக்கு அனுப்பியாகிவிடும். ஆஸ்திரேலியாவிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலரும் பிளாட்டிபஸை முதன்முதலில் பார்ப்பது கண்ணாடித் தொட்டியில்தான். இந்த வழக்கம் நல்லதா, கெட்டதா என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் போகத் தகுந்த காப்பகம் எது, தகாதது எது என்று பிரித்தறிய ஓர் அளவுகோல் உண்டு. உள்ளே எத்தனை விலங்குகள் இருக்கின்றன என்று எண்ணுவதைவிட, அந்த இடத்தால் எத்தனை உயிர்கள் காட்டில் வாழ்கின்றன என்று கேட்பதே அது.

முதலில் இந்த வழக்கத்தின் பக்கம் இருக்கும் நியாயத்தைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் பாலூட்டி இனங்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் உலகில் வேறெங்கும் கிடையாது. அவற்றில் பெரும்பாலானவை இரவில் நடமாடுபவை. பகலில் யூகலிப்டஸ் காட்டுக்குள் நடப்பவருக்குப் பறவைகளின் குரல் கேட்கும். புல்வெளி ஓரத்தில் கங்காரு தென்படலாம். பேண்டிகூட், பெட்டாங், குவோல், பாஸம் போன்ற விலங்குகள் அந்நேரம் வளையிலோ மரப்பொந்திலோ உறங்கும். பிளாட்டிபஸ் பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும் ஓடை நீரில் சில நொடிகள் முதுகைக் காட்டிவிட்டு மூழ்கிவிடும். 1788இல் ஆங்கிலேயர் குடியேறிய பிறகு அந்நாடு முப்பதுக்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்களை இழந்திருக்கிறது. கப்பலில் வந்த பூனையும், வேட்டைப் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட நரியும், மேய்ச்சலுக்காக அழிக்கப்பட்ட நிலமும் இதற்கு முக்கியக் காரணங்கள். இந்த இழப்பு பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமலே நடந்து முடிந்தது. கண்ணால் காணாத உயிருக்காக வாதாட ஆள் கிடைப்பது அரிது. அந்த உயிர்களை மக்கள் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவது காப்பகங்களின் முதல் பயன்.

மெல்பர்னுக்கு வடகிழக்கே சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஹீல்ஸ்வில் காப்பகம் இதற்கு நல்ல சான்று. உடற்கூற்றியல் அறிஞர் காலின் மெக்கென்சி ஆஸ்திரேலிய விலங்குகளை ஆராய்வதற்காக 1920இல் அங்கே நிலம் பெற்றார். 1934இல் அது பொதுமக்கள் காணும் காப்பகமாகத் திறக்கப்பட்டது. அங்கே பொறுப்பேற்ற இயற்கையியலாளர் டேவிட் ஃபிளே 1943இல் பிளாட்டிபஸை மனிதப் பராமரிப்பில் முதன்முறையாக இனப்பெருக்கம் செய்யவைத்தார். அந்த வெற்றி மறுபடி கைகூட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. முட்டையிட்டுப் பாலூட்டும் இந்த விலங்கு எதைத் தின்னும், எவ்வளவு தின்னும், வளையை எப்படி அமைக்கும் என்பவற்றைப் பற்றிய நம் அறிவில் கணிசமான பங்கு இத்தகைய இடங்களில் சேர்ந்தது.

அதே டேவிட் ஃபிளே 1933இல் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகர விலங்குக்காட்சி சாலையில் ஒரு தைலசினைக் கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் பதிவுசெய்தார். முதுகில் வரிகள் கொண்ட, டாஸ்மேனியப் புலி என்று அழைக்கப்பட்ட விலங்கு அது. ஆடுகளைத் தின்கிறது என்று சொல்லி, 1888 முதல் 1909 வரை டாஸ்மேனிய அரசே தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து அவ்வினத்தைக் கொல்லவைத்தது. 1936 ஜூலையில்தான் அதற்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று ஹோபார்ட் கூண்டில் கடைசித் தைலசின் இறந்தது. கட்டணம் செலுத்திக் கூண்டருகே நின்று அவ்விலங்கைப் பார்த்தவர்கள் ஏராளம். அத்தனை பேர் பார்த்தும் அந்த இனம் பிழைக்கவில்லை. ஃபிளே தொட்ட இரு விலங்குகளின் கதையையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது: வேலிக்குள் வைத்துக் காட்டுவது மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது. அந்த வேலைக்கு அடுத்த கட்டம் ஒன்று வேண்டும்.

அந்த அடுத்த கட்டத்தை இன்றைய நல்ல காப்பகங்கள் செய்கின்றன. விக்டோரியா மாநிலத்தின் புல்வெளிகளில் வாழ்ந்த கிழக்கு வரி பேண்டிகூட், நீண்ட மூக்கும் பின்புறம் வெளிர் வரிகளும் கொண்ட சிறு விலங்கு. நரியும் விவசாயமும் சேர்ந்து அதன் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வந்தன; கடைசியில் ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அது ஹாமில்டன் என்ற சிற்றூரைச் சுற்றி மட்டும் எஞ்சியது. 1988இல் தொடங்கிய இனப்பெருக்கத் திட்டத்தில் விலங்குக்காட்சி சாலைகளும் அரசும் தன்னார்வலர்களும் கைகோத்தனர். நரி புகாத வேலியிட்ட நிலங்களிலும், பின்னர் நரி இல்லாத தீவுகளிலும் அவற்றை விட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பின், 2021இல் 'காட்டில் அற்றுப்போனது' என்ற வகையிலிருந்து 'அழியும் நிலையில் உள்ளது' என்ற வகைக்கு விக்டோரியா அரசு அதை மாற்றியது. ஆஸ்திரேலியாவில் அப்படி மீண்ட முதல் உயிரினம் அதுவே. ஆண்டுக்கு ஒருமுறை டாஸ்மேனியாவிலிருந்து கடல் கடந்து பெருநிலத்தின் தென்கரைக்கு வந்து திரும்பும் ஆரஞ்சு வயிற்றுக் கிளிகளில், 2016இல் இருபதுக்கும் குறைவானவையே கூடு கட்டத் திரும்பின. கூண்டில் பிறந்த கிளிகளைத் தொடர்ந்து விடுவித்ததால்தான் அந்த இனம் இன்னும் வானில் பறக்கிறது. நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த பணம் இப்படிப்பட்ட வேலைக்குப் போகுமானால் அது வீண்செலவு இல்லை.

பார்வையாளர்களை வைத்துக்கொண்டே ஓர் இடம் விலங்குகளுக்கு முதலிடம் கொடுக்க முடியும் என்பதற்கு விக்டோரியாவின் ஃபிலிப் தீவு சாட்சி. பகலெல்லாம் கடலில் மீன் தேடிய சின்னஞ்சிறு பெங்குவின்கள் இருட்டத் தொடங்கியதும் கூட்டம் கூட்டமாகக் கரையேறி வளைக்குப் போகும் காட்சியை மக்கள் 1920கள் முதல் பார்த்துவருகிறார்கள். ஒரு காலத்தில் அவை கரையேறும் தீவு முனையில் வீடுகள் இருந்தன. காரும் நாயும் நரியும் பெங்குவின்களைக் கொன்றன. 1985இல் விக்டோரியா அரசு அந்தக் குடியிருப்பு முழுவதையும் படிப்படியாக விலைக்கு வாங்கத் தீர்மானித்து, 2010 வாக்கில் அந்த வேலையை முடித்தது. வீடுகள் அகற்றப்பட்டு நிலம் பறவைகளுக்குத் திரும்பியது. நரியும் தீவிலிருந்து ஒழிக்கப்பட்டது. அங்கே பெங்குவின்கள் கரையேறும் நேரத்தில் யாரும் படம் எடுக்கக் கூடாது. கைபேசிக்கும் விலக்கு இல்லை. பறவை தனக்குத் தோன்றிய வழியில் போகிறது, மனிதர்கள் மேடையில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். காப்பகம் ஒன்றுக்குப் போகும் அனுபவம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே இலக்கணம்.

இதற்கு நேர்மாறானது கோலாவைக் கையில் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம். கோலா தின்பது யூகலிப்டஸ் இலை. அதில் சத்துக் குறைவு, நஞ்சு அதிகம். அதைச் செரிக்கவே உடலின் ஆற்றல் பெரிதும் செலவாவதால் அது நாளுக்கு 18 முதல் 20 மணி நேரம் உறங்குகிறது. அதை எழுப்பி ஆள் மாற்றி ஆள் கையில் கொடுப்பது, இரவுப் பணி முடித்துத் தூங்குபவரை உலுக்கி எழுப்பி வந்தவர்களோடு படத்துக்கு நிற்கச் சொல்வதற்குச் சமம். பார்வையாளர் அதிகம் நெருங்கினாலும் இரைச்சல் கூடினாலும் காப்பகக் கோலாக்கள் கூடுதல் எச்சரிக்கையோடு விழிப்பாக இருக்கின்றன என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நியூ சவுத் வேல்ஸ் 1990களிலேயே தூக்குவதைத் தடைசெய்துவிட்டது. விக்டோரியாவிலும் அனுமதி இல்லை. குயின்ஸ்லாந்து சட்டம் நேரக் கட்டுப்பாடுகளோடு அதை அனுமதிக்கிறது.

இந்த வழக்கத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் இரண்டு. தொட்டால்தான் பாசம் பிறக்கும்; அந்தப் படத்துக்குக் கிடைக்கும் பணம் மற்ற விலங்குகளைக் காக்கிறது. இரண்டையும் புறந்தள்ள முடியாதுதான். ஆனால் பிரிஸ்பேனின் லோன் பைன் காப்பகமே இதற்கு விடை தந்துவிட்டது. உலகின் முதல் கோலா காப்பகமான அதற்கு, கோலாவைத் தூக்கும் படம் பல தலைமுறைகளாக அடையாளமாக இருந்தது. 2024 ஜூலையில் அது அந்த வழக்கத்தை நிறுத்தி, கோலாவுக்கு அருகில் நின்று பராமரிப்பாளர் சொல்லக் கேட்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. இதில் மிகுந்த அனுபவம் உள்ள இடமே கைவிட்டபின், மற்றவர்கள் தொடர்வதற்கு நியாயம் குறைவு.

லோன் பைன் தொடங்கிய ஆண்டு 1927. அதே ஆண்டு ஆகஸ்டில் குயின்ஸ்லாந்து அரசு தோல் வணிகத்துக்காகக் கோலா வேட்டையைத் திறந்துவிட்டது. ஒரே மாதத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் கொல்லப்பட்டன. அந்தச் சூழலில் இரண்டு கோலாக்களோடு ஒரு தனிமனிதர் புகலிடம் தொடங்கியது பெருமைக்குரியது. ஆனால் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் கழித்து நிலைமை என்ன? 2012இல் 'பாதிக்கப்படக்கூடியது' என்றிருந்த கோலா, 2022 பிப்ரவரியில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகர்ப் பகுதி மூன்றிலும் 'அழியும் நிலையில் உள்ளது' என்று அறிவிக்கப்பட்டது. மரம் வெட்டும் வேகமும், கிளமிடியா நோயும், சாலையும், நாயும், 2019-20 காட்டுத்தீயும் காரணங்கள். காப்பகங்களின் மிகப் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. கொழுகொழுவென்று இருக்கும் கோலாவைப் பார்த்துத் திரும்புபவர், கோலாக்கள் நலமாக இருக்கின்றன என்ற நினைப்போடு திரும்புகிறார். மரம் வெட்டப்படும் செய்தியை விலங்கின் அருகிலேயே, குழந்தைக்கும் புரியும்படி சொல்லாத காப்பகம் தன் கடமையில் பாதியை விட்டுவிடுகிறது.

அழகுக்குத் தரப்படும் சலுகையும் ஒரு குறை. கோலாவுக்கும் கங்காருவுக்கும் கிடைக்கும் கவனம், கோஸியஸ்கோ மலையில் பூஞ்சை நோயால் மறைந்துகொண்டிருக்கும் கறுப்பு மஞ்சள் கொரோபரி தவளைக்குக் கிடைப்பதில்லை. அந்தத் தவளை கட்டை விரல் நீளம்கூட இராது. தூக்கிப் படம் எடுக்க முடியாது. கூட்டம் சேர்க்கும் விலங்கின் வருமானத்தில் கூட்டம் சேர்க்காத உயிரைக் காப்பதே காப்பகத்தின் நேர்மை. கோல்ட் கோஸ்டில் உள்ள கரம்பின் காப்பகத்தைப் பாருங்கள். 1947இல் தன் பூந்தோட்டத்தைக் காக்க அலெக்ஸ் கிரிஃபித்ஸ் என்பவர் வண்ணக்கிளிகளுக்குத் தீனி வைக்கத் தொடங்கியதில் பிறந்த இடம் அது. காட்டுப் பறவைகளை ஒரே தட்டில் கூட்டித் தீனி கொடுப்பதால் நோய் பரவும் என்ற அச்சம் நியாயமானது. அதே இடத்தில், அடிபட்ட காட்டுயிர்களை ஆண்டுக்குப் பல ஆயிரம் என்ற கணக்கில் வாங்கிச் சிகிச்சை தரும் மருத்துவமனையும் இயங்குகிறது. இரண்டையும் எடைபோட்டால் தராசு மருத்துவமனையின் பக்கமே சாய்கிறது. ஆனாலும் முதல் வழக்கத்தின் குறை அதனால் அழிந்துவிடாது.

நிலத்தின் வரலாற்றையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும். ஹீல்ஸ்வில் காப்பகம் எழுந்த நிலம் கொரண்டர்க் என்ற பழங்குடிக் குடியிருப்பிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1863இல் உருவான அந்தக் குடியிருப்பில் குலின் இன மக்கள் பயிர் செய்து வாழ்ந்தனர். நிலத்தைக் காக்க வில்லியம் பராக் தலைமையில் அரசிடம் மனு கொடுத்துப் போராடினர். 1924இல் அது மூடப்பட்டது. விலங்குகளுக்குப் புகலிடம் உருவான அதே ஆண்டுகளில், அந்த விலங்குகளோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த மனிதர்கள் தம் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அந்த வரலாறு தெரியாமல் அங்கே நடப்பது, அந்த இடத்தைப் பாதி மட்டும் பார்ப்பது.

நல்ல நோக்கமும் சில வேளைகளில் தவறிவிடும். முகத்தில் பரவும் புற்றுநோயால் அழிந்துகொண்டிருந்த டாஸ்மேனியன் டெவில்களைக் காக்க, 2012இல் நோயில்லாத சிலவற்றை மரியா தீவில் கொண்டுபோய் விட்டார்கள். டெவில்கள் பெருகின, அந்தத் தீவில் கூடு கட்டியிருந்த சிறு பெங்குவின்கள் அழிந்தன. ஓர் உயிரைக் காக்கும் இடம் இன்னோர் உயிரின் வீடாகவும் இருக்கும் என்பதை மறந்ததன் விலை அது.

நிறையையும் குறையையும் சேர்த்துப் பார்க்கும்போது, இந்த வழக்கம் தொடர வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் போகிறவர் தேர்ந்து போக வேண்டும். சீட்டு வாங்கும் முன் காப்பகத்தின் தளத்தில் இதைத் தேடுங்கள்: எந்த இனத்தை வளர்த்து எங்கே விடுவிக்கிறார்கள்? அடிபட்ட விலங்குகளுக்குச் சிகிச்சை உண்டா? விலங்கு விரும்பினால் மனிதரிடமிருந்து விலகிப்போக இடம் இருக்கிறதா? இவற்றுக்கு விடை இல்லாமல், தூக்கிப் படம் எடுப்பதை மட்டும் விளம்பரம் செய்யும் இடத்தைத் தவிருங்கள். வாய்ப்பிருந்தால் இரவு நடைக்குப் போங்கள். கான்பெர்ராவின் மல்லிகன்ஸ் ஃபிளாட் காப்பகத்தில், பெருநிலத்தில் நூறு ஆண்டுகளாகக் காணாமல் போயிருந்த கிழக்கு பெட்டாங் 2012இல் டாஸ்மேனியாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டு, இன்று வேலிக்குள் தானே இரைதேடி வாழ்கிறது. சிவப்பு விளக்கொளியில் சில நொடி அதைப் பார்ப்பது, கையில் தூக்கி எடுத்த நூறு படங்களைவிட உயர்ந்தது.

அந்த நாட்டிலேயே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு வேண்டுகோள். காப்பகத்தில் தொடங்கும் அக்கறை வாசலோடு முடிந்துவிடக் கூடாது. பூனை வளர்த்தால் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். அந்தியில் புறநகர்ச் சாலையில் வேகத்தைக் குறையுங்கள். சாலையோரம் அடிபட்டுக் கிடக்கும் கங்காருவையோ வொம்பட்டையோ கண்டால், பாதுகாப்பாக வண்டியை நிறுத்தி, உள்ளூர்க் காட்டுயிர் மீட்புக் குழுவை அழையுங்கள். தாய் இறந்திருந்தாலும் வயிற்றுப் பையில் குட்டி உயிரோடு இருக்கலாம்.