இருவர் வாங்கும் வீடு

விமர்சனத்திற்கென்று என்னிடம் வந்து சேருகிற புத்தகங்களில் முக்கால்வாசி நாவல்கள். மீதி கவிதைத் தொகுதிகள். போன மாதம் வந்தவை வேறு ரகம். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வர்ணப் படம். ஆனால் எந்தப் பக்கத்திலும் விலை மட்டும் இல்லை. அப்படிப்பட்ட மூன்று புத்தகங்களைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தவர் என் சித்தப்பா.

"நீ கதை எழுதுகிறவன். இதிலே எது கதை, எது நிஜம் என்று உனக்குத்தான் தெரியும். படித்துவிட்டுச் சொல்லுடா" என்றார்.

மூன்றும் கோயம்புத்தூரைச் சுற்றி எழும்பியிருக்கும் மூத்தோர் குடியிருப்புகளின் விளக்கப் புத்தகங்கள். சித்தப்பா அரசாங்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் கடல் கடந்து இருக்கிறான். மன்னார்குடி வீட்டை விற்றுவிட்டு, மலைக்காற்றும் சிறுவாணித் தண்ணீரும் கிடைக்கிற இடத்தில் மிச்ச நாளைக் கழிக்கலாம் என்பது அவருடைய எண்ணம். நாவல் மோசமாக இருந்தால் வாசகனுக்கு ஓர் இரவு நஷ்டம். இந்தப் புத்தகம் மோசமாக இருந்தால் ஓர் ஆயுட்காலத்துச் சேமிப்பே நஷ்டம். ஆகவே, நாவல்களுக்குக் காட்டாத சிரத்தையுடன் இவற்றைப் படித்தேன்.

இந்த வகை நூல்களின் மூலத்தைத் தேடினால் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. முதியவர்களுக்கு மட்டுமென்று ஒதுக்கிய யங்டவுன் என்ற ஊர் 1954-இல் அரிஸோனா மாநிலத்தில் தோன்றியது. அதன் பக்கத்திலேயே டெல் வெப் என்ற கட்டடக் காண்டிராக்டர் 1960-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று 'சன் சிட்டி'யைத் திறந்து வைத்தார். மூன்று நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வந்து பார்த்தார்களாம். வெப் செய்த காரியத்தில் ஒரு நேர்மை இருந்தது. கோல்ப் மைதானம், கடைகள், பொழுதுபோக்கு மண்டபம் எல்லாவற்றையும் முதலில் கட்டி முடித்துவிட்டு, அப்புறந்தான் வீட்டை விற்க உட்கார்ந்தார். வந்தவர்கள் கண்ணால் பார்த்து வாங்கினார்கள். நம் புத்தகங்களிலோ நீச்சல் குளமும் நூலகமும் ஓவியர் வரைந்த படமாகவே இருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் வழிநூல்கள் மூலநூலிடம் பாடம் கேட்க வேண்டும்.

மூலத்திலும் குறை உண்டு. குழந்தைகள் இல்லாத ஊரை அவர்கள் வேண்டுமென்றே கட்டினார்கள். சன் சிட்டியில் பத்தொன்பது வயது நிரம்பாதவர்கள் விருந்தாளிகளாக வந்து போகலாமே தவிர, குடியிருக்க முடியாது. இப்படிப்பட்ட குடியிருப்புகளில் நூற்றுக்கு எண்பது வீடுகளிலாவது ஐம்பத்தைந்து வயது தாண்டிய ஒருவர் இருக்க வேண்டும் என்று 1995-இல் சட்டமே வந்துவிட்டது. பேரன் பந்து எறிந்து ஜன்னல் கண்ணாடியை உடைக்க முடியாத ஊர் அமைதியான ஊர்தான். அந்த அமைதி எத்தனை நாளைக்குப் பிடிக்கும் என்பது வேறு கேள்வி.

இனி நம்முடைய மூன்று புத்தகங்களுக்கு வருவோம். மூன்றுக்கும் கதாநாயகனும் கதாநாயகியும் ஒருவரே என்று சொல்லிவிடலாம். அவருக்குத் தலை நரைத்திருக்கிறது. முகத்தில் சுருக்கம் இல்லை. அவள் அவர் தோளில் கை வைத்துச் சிரிக்கிறாள். இருவரும் நடைபாதையில் நடக்கிறார்கள், யோகாசனம் செய்கிறார்கள், மாலையில் கோயில் வாசலில் நிற்கிறார்கள். ஒருவர் கையிலும் தடி இல்லை. ஆரம்பமும் நடுவும் பிரமாதம்; கடைசி அத்தியாயத்தை மட்டும் ஆசிரியர் எழுதவேயில்லை.

அந்த அத்தியாயம் எது என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். இந்த வீடுகளை இருவர் வாங்குகிறார்கள். கடைசியில் ஒருவர் குடியிருக்கிறார். அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவி. கணவனைவிட வயதில் இளையவள். பெண்களுக்கு ஆயுளும் சற்று அதிகம். நம் நாட்டில் அறுபது வயது கடந்த பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கணவனை இழந்தவர்கள். அந்த வயது ஆண்களில் மனைவியை இழந்தவர்களின் விகிதம் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் புத்தகங்கள் மூன்றும் யாரை நோக்கிப் பேசுகின்றன? "உங்கள் முதலீடு", "உங்கள் நண்பர்களுடன் சீட்டாட்டம்" என்று சித்தப்பாவை நோக்கித்தான். இந்தக் கதையில் நெடுநாள் வாழப்போகிற பாத்திரத்துக்கு ஒரு வசனங்கூட இல்லை.

இந்தக் கண்ணோடு படித்தால் சாதாரண வரிகளும் வேறு அர்த்தம் தருகின்றன. மாதப் பராமரிப்புக் கட்டணம் என்று ஒரு வரி. அரசாங்க ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி. குடும்ப ஓய்வூதியம் சாதாரண விகிதத்தில் நூற்றுக்கு முப்பதுதான். அகவிலைப்படியை விட்டுவிட்டுப் பார்த்தால், முப்பதாயிரம் வாங்கினவரின் மனைவிக்குப் பதினெட்டாயிரம் வரும். சாப்பாட்டுச் செலவில் ஓர் ஆள் குறையும். வீட்டுக்குரிய கட்டணம் குறையுமா? பத்திரம் இருவர் பெயரிலும் இருக்குமா? முன்பணம் கட்டிக் குடியிருக்கும் ஏற்பாடானால், மற்றவருக்குக் கடைசிவரை இருக்க உரிமை உண்டா? விட்டுப் போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? '24 மணி நேர மருத்துவ வசதி' என்பது ஒரு நர்ஸும் ஒரு வண்டியுமா, அல்லது படுத்த படுக்கையானாலும் அங்கேயே வைத்துக் கவனிப்பார்களா? மூன்றிலும் பதில் இல்லை.

சட்டம் ஓரளவு துணைக்கு வருகிறது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி திட்டம் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கலாம். 2019-இல் மத்திய அரசு ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. கட்டுகிறவர், பராமரிக்கிறவர், வாங்குகிறவர் மூவரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது அதில் ஒரு யோசனை. நல்ல யோசனை. கட்டினவர் விற்றுவிட்டுப் போய்விடுவார். சோறு போடுகிறவருடன்தான் இருபது வருஷம் காலம் தள்ள வேண்டும்.

ஒரு நல்ல அம்சத்தையும் சொல்லாவிட்டால் விமர்சனம் நியாயமாகாது. மூன்று இடங்களிலும் பொதுச் சாப்பாட்டுக் கூடம் இருக்கிறது. சித்தப்பா ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகிறது. சித்தி இன்னும் ஓய்வு பெறவில்லை. அடுப்படி உத்தியோகத்துக்கு வயது வரம்பும் கிடையாது, பென்ஷனும் கிடையாது. மணி அடித்ததும் யாரோ சமைத்ததை உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்கு மலைக்காற்றைவிடப் பெரிய சுகமாக இருக்கலாம்.

மன்னார்குடிக்குப் போய் இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். கடைசி அத்தியாயத்தைச் சொல்லுமிடத்தில் குரல் கொஞ்சம் இடறியது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார். பிறகு உள்ளே பார்த்து, "இங்கே கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட்டார்.

சித்தி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "நீங்கள் இதையெல்லாம் பார்த்தீர்களா சித்தி?" என்று கேட்டேன்.

"உன் சித்தப்பா பார்த்தாரே" என்றாள்.

புத்தகத்தை அவள் கையில் கொடுத்தோம். மலையையும் நீச்சல் குளத்தையும் புரட்டித் தள்ளிவிட்டு, வீட்டின் வரைபடம் இருந்த பக்கத்தில் நின்றாள். விரலை வைத்து மெதுவாகத் தடவிப் பார்த்தாள்.

"சமையல் கட்டு ஜன்னல் எந்தப் பக்கம்டா? வழியிலே போகிற வருகிற மனுஷர்கள் தெரிவார்களா?"

வரைபடத்தில் ஜன்னல் இருந்தது. அது பார்த்த பக்கத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர் இருந்தது. மூன்று புத்தகங்களையும் மூன்று முறை படித்த என் கண்ணில் அது படவில்லை. விமர்சகன் வேலையை அன்று அவளிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினேன். மற்ற இரண்டு புத்தகங்களையும் இப்போது அவள்தான் படித்துக்கொண்டிருக்கிறாள்.