உறுதி என்றொரு சொல்

செங்கல்பட்டில் வழக்கறிஞராக இருக்கும் என் தோழிக்குத் தமிழ், ஆங்கிலம், இந்தி, கொஞ்சம் பிரெஞ்சு தெரியும். மாமல்லபுரத்துக்கு வந்து, காதலித்து, அங்கேயே தங்கிவிட நினைக்கும் வெளிநாட்டுப் பெண்களுக்குச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் முப்பது நாள் அறிவிப்பையும் விசாவையும் விளக்க அந்தப் பிரெஞ்சு போதுமாம். "எனக்குக் கஷ்டமே தமிழ்தான். வந்து இதைப் படி" என்று கூப்பிட்டாள்.

அவள் நீட்டியது ஒரு பிரமாண வாக்குமூலத்தின் வரைவு. மனுதாரர் ஈழத்திலிருந்து சிறுமியாக வந்து, இப்போது கடற்கரையோர விடுதி ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்பவர். கணவர் விட்டுப்போய்விட்டார். "வரதட்சணையாக நிலம் தருவதாக எதிர்மனுதாரர் உறுதி கூறிவிட்டு இன்றுவரை தரவில்லை" என்று ஒரு வரி. வரதட்சணையைக் கணவன் ஏன் தர வேண்டும்? எழுதியவருக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் தட்டச்சு முடிந்துவிட்டது.

அந்தப் பெண்ணையே கேட்டோம். "என்ர சீதனக் காணி உறுதி அவரிட்டக் கிடக்கு. எவ்வளவு கதைச்சும் தாறாரில்லை" என்றார்.

யாழ்ப்பாணத்தில் உறுதி என்றால் பத்திரம். காணி உறுதி, நிலப் பத்திரம். கதைப்பது என்றால் பேசுவது. இங்கே 'கதை' என்றால் பாதிப் பேருக்குப் பொய். சீதனம்தான் எல்லாவற்றிலும் கனமான சொல். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் அது பெண்ணுக்குப் பெற்றோர் கொடுக்கும், பெண்ணுக்கே உரிய சொத்து. நமது 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்திலோ கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். ஒரு சொல்லை மாற்றியதில், தன் சொத்தின் பத்திரத்தைத் திருப்பிக் கேட்ட உரிமைக்காரி, வாக்குத் தவறியவனிடம் வரதட்சணை கேட்கும் விசித்திரமான பெண்ணாகிவிட்டார். பெயர்த்தது தமிழிலிருந்து தமிழுக்கு.

சீதனத்தை நான் கொண்டாடவில்லை. தேசவழமையை 1707இல் டச்சுக்காரர்கள் எழுத்தில் தொகுத்தபோது அதைச் சரிபார்த்தவர்கள் பன்னிரண்டு முதலிமார். ஒருவர்கூடப் பெண் இல்லை. 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டம், மனைவியின் காணியை மனைவியின் காணி என்றே ஒப்புக்கொண்டுவிட்டு, கணவனின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது என்கிறது. ஆக, உறுதி கைக்கு வந்தாலும் விற்பதற்கு இவருக்கு அந்த மனிதரின் கையெழுத்தோ அங்குள்ள நீதிமன்றத்தின் அனுமதியோ வேண்டும். கடலுக்கு இந்தப் பக்கம் ஜீவனாம்சம், அந்தப் பக்கம் சம்மதம்; இரண்டு சட்டத்திலும் கதவு அதே ஆளின் வீட்டு வாசலில்தான் திறக்கிறது.

குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 1984இல் வந்தது. அதன் 13ஆம் பிரிவின்படி வழக்கறிஞரை வைத்துக்கொள்வதை ஒருவர் உரிமையாகக் கோர முடியாது. பெண்கள் வழக்காடும் செலவின்றித் தங்கள் குரலிலேயே பேசட்டும் என்ற நல்ல நோக்கம். ஆனால் 15ஆம் பிரிவு, சாட்சியம் முழுவதையும் பதிய வேண்டியதில்லை, சாரத்தைக் குறித்தால் போதும் என்கிறது. சாரம்! கவிதைக்குச் சாரம் எழுதும் மாணவர்களிடம் இருபது வருடமாகச் சண்டை போடுகிறவள் நான். 'உறுதி'யைச் சாரமாக்கினால் என்ன வரும் என்பதற்கு அந்த வரைவே சாட்சி. கீழே கையெழுத்துப் போட வேண்டியவரும் அந்தப் பெண்தான்.

நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்ற கோரிக்கையை நானும் ஆதரிக்கிறேன். உயர் நீதிமன்றத்தில் இன்னும் ஆங்கிலம்தான் என்பது வெட்கக்கேடு. ஆனால் மாவட்ட நீதிமன்றங்களுக்குத் தமிழ் எப்போதோ வந்துவிட்டது. வந்த தமிழ் எது என்று மேடைகளில் யாரும் கேட்பதில்லை. 'மேற்படி', 'ஷை', 'எதிர்மனுதாரர்' என்று நடக்கும் அந்தத் தமிழில் சமையலறைக்கும் இடமில்லை, முகாமுக்கும் இடமில்லை. ஈழத்தமிழை மேடையில் உருகி உருகிக் கேட்கிற நாம், சாட்சிக் கூண்டில் அதைப் பிழை என்று திருத்துகிறோம். தமிழ்த்துறைகளுக்கும் இதில் பங்குண்டு. வட்டார வழக்கைச் சிறுகதைப் பாடத்தில் நடத்துவோம். அதில் ஒருவருடைய காணி தொலையக்கூடும் என்று நான் ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை.

இதே செங்கல்பட்டில்தான் ஈழத் தமிழர்களை 1946ஆம் ஆண்டு அயல்நாட்டவர் சட்டத்தின்கீழ் அடைத்துவைத்த 'சிறப்பு முகாம்' இருந்தது. சிறைக்குச் 'சிறப்பு' என்று பெயர் வைக்கத் தெரிந்த அலுவலகத் தமிழ் அது. குடியுரிமைச் சட்டத்தின் சொல் இன்னும் கூர்மை. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகள். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், அந்த ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு 2022இல் மதுரைக் கிளையில் கடவுச்சீட்டு பெறும் உத்தரவை வாங்கினார். அதற்குப் பின் முகாமில் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அக்காள் குடிமகள், தங்கை அகதி என்று ஒரே வீட்டில் ஆகலாம்.

அன்று வரைவைத் திருத்தி எழுதினோம். 'சீதனம்' என்பதை அப்படியே விட்டு, அதன் பொருளைத் தனிப் பத்தியாகச் சேர்த்தோம். "எனக்குச் சொந்தமான காணியின் உறுதி (பத்திரம்) எதிர்மனுதாரர் வசம் உள்ளது" என்று எழுதினோம். தட்டச்சு செய்தவர் இரண்டு இடத்தில் பென்சிலால் சுழித்து, "மேடம், இது எழுத்துப்பிழையா?" என்று கேட்டார். தோழி இல்லை என்றாள். வாசித்துக் காட்டியபோது அந்தப் பெண் அந்த வரியில் நிறுத்தச் சொன்னார்.

"ஓம், இதுதான் நான் சொன்னது. பத்திரம் எண்டதை அடைப்புக்குள்ள போட்டிருக்கிறியள், என்ன?"