குற்றவாளி எங்கே?

1974ஆம் ஆண்டு அக்டோபர் 5. இங்கிலாந்தின் கில்ஃபோர்டு நகரில் இரு மதுக்கடைகளில் குண்டுகள் வெடித்தன. ஐவர் மாண்டனர், அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அடுத்த திங்களே பர்மிங்காம் நகரில் 21 பேர் பலி. மக்கள் கொதித்தனர், மன்றம் பதறிற்று, நவம்பர் 29இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் பிறந்தது. குற்றம் சாட்டாமலே ஏழு நாள் வரை காவலில் வைக்கலாம் என்றது அச்சட்டம்!

அதன் பிடியிலே சிக்கிய பெல்ஃபாஸ்ட் இளைஞர் ஜெர்ரி கான்லனின் கதைதான், ஜிம் ஷெரிடன் இயக்கி 1993இல் வெளிவந்த 'இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்'. அடித்தும் அச்சுறுத்தியும் பெற்ற ஒப்புதல் ஒன்றே ஆதாரம். அதற்கு ஆயுள் தண்டனை! மகனுக்கு உதவ ஓடோடி வந்த தந்தை ஜுசெப்பியும் சிறைப்பட்டார். 1980இல் கைதியாகவே கண் மூடினார். டேனியல் டே-லூயிசின் சீற்றமும் பீட் போஸ்டில்த்வெயிட்டின் அமைதியும் கல்நெஞ்சையும் கரைக்கும்.

கரைந்தோம், எனினும் கேட்கிறோம். தந்தையும் மகனும் ஒரே சிறையறையில் வாழ்ந்ததாகக் காட்டுகிறது படம், உண்மையில் அவ்வாறில்லை. வழக்குமன்றத்தில் வாதாடும் உரிமையற்ற சட்ட ஆலோசகர் கேரத் பியர்ஸ், படத்தில் நின்று முழங்குகிறார். முன்னது கலைக்கெனப் பொறுக்கலாம். ஆனால், புனைந்த சான்றைக் கண்டிக்க வந்த படம், வழக்குமன்றக் காட்சியையே புனையலாமா? மாற்றார் கையில் நாமே வாள் எடுத்துக் கொடுப்பதன்றோ அது!

அதனினும் பெருங்குறை ஒன்றுண்டு. மாண்ட ஐவர் எங்கே? தொடக்கத்தில் ஒரு வெடிச்சத்தம். அத்தோடு அவர்கள் மறைந்துபோகின்றனர். அவர்தம் தாய்மார் சிந்திய கண்ணீருக்குத் திரையில் இடமில்லை. கில்ஃபோர்டில் குண்டு வைத்தவர்கள் நாங்களே என்று வேறொரு வழக்கில் பிடிபட்ட அயர்லாந்துக் குடியரசுப் படையினர் 1977இல் கூறினர். மேல்முறையீட்டு மன்றம் அதனை ஏற்கவில்லை. படமோ அவர்களைக் கற்பனைப் பாத்திரம் ஒன்றாகச் சுருக்கிவிட்டது.

காவலரின் விசாரணைக் குறிப்புகள் நம்பத்தக்கவையல்ல என்பது வெளிப்பட்டு, 1989 அக்டோபர் 19இல் நால்வர் மீதான தீர்ப்பும் நீக்கப்பட்டது. தந்தை மீதான தீர்ப்பு 1991இல் நீக்கப்பட்டது, அவர் மறைந்து பதினோர் ஆண்டுகளுக்குப் பின்! வழக்கிற்குள்ளான காவலர் மூவரும் 1993இல் விடுவிக்கப்பட்டனர். கில்ஃபோர்டில் குண்டு வைத்ததற்காக வேறெவரும் தண்டிக்கப்படவில்லை.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! குற்றமற்றவன் சிறை சென்ற அன்றே, குற்றவாளியைத் தேடும் பணி நின்றது. கான்லனுக்கு இழைத்த அநீதியும் மாண்டவர் குடும்பத்துக்கு இழைத்த அநீதியும் இரண்டல்ல, ஒன்றே. இதை உரக்கச் சொல்லியிருந்தால் இது ஒப்பற்ற படமாகியிருக்கும்.

உறவை இழந்தோர்க்கு வேண்டியது நீதி; யாரோ ஒருவனின் கழுத்தன்று. நாட்டைக் காக்கக் கடுஞ்சட்டம் கேட்கும் குரல் எழும்போதெல்லாம், அஞ்சாது கேளுங்கள்: சான்று எங்கே?