இரண்டாவது டப்பா எதற்கு?

ஆஸ்திரேலியாவில் வீட்டிலேயே பீர் தயாரிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் சூப்பர்மார்க்கெட் அலமாரியில் இருக்கும் 1.7 கிலோ டப்பா ஒன்றில்தான் தொடங்குகிறார்கள். முளைகட்டிக் காயவைத்த பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, இறங்கும் இனிப்பு நீரைச் சுண்டவைத்து எடுத்த மால்ட் பாகு அதில் இருக்கும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் ஏற்கெனவே அதில் கலந்திருக்கும். மூடிக்கடியில் ஒரு சிறு ஈஸ்ட் பொட்டலம். பாகை வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரையோ டெக்ஸ்ட்ரோஸோ சேர்த்து, 23 லிட்டர் வரும்வரை தண்ணீர் ஊற்றி, ஆறியதும் ஈஸ்டைத் தூவினால் வேலை முடிந்தது. ‘கிட் அண்ட் கிலோ’ என்று அங்கே அழைக்கப்படும் இந்த முறையில் வரும் பீர் குடிக்கும்படி இருக்கும், ஆனால் நாக்கில் நிற்காது, மெலிந்திருக்கும். இந்தக் குறைக்குப் பலரும் கையாளும் மருந்து, சர்க்கரையை விட்டுவிட்டு அதன் இடத்தில் இன்னொரு டப்பாவை ஊற்றுவது. இதற்கு ‘டூக்கன்’ (two can, இரண்டு டப்பா) என்று பெயரும் வந்துவிட்டது. இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் நியாயமான ஒரு குறை இருக்கிறது. ஆனால் அந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்பதைப் பாதிதான் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மீதிப் பாதியில் செய்த பிழையால், நல்ல பீராக வந்திருக்க வேண்டியது கசப்பு மிஞ்சிய பீராக முடிகிறது.

டப்பாவும் சர்க்கரையும் சேர்ந்த இந்தச் சூத்திரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பிரிட்டனில் 1880ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வரியை மால்டிலிருந்து நீக்கி, நொதிக்கப்போகும் இனிப்பு நீரின் மேல் வைத்தது. சர்க்கரை உள்ளிட்ட பொருள்களை விருப்பம்போலக் கையாள ஆலைகளுக்கு அது வழிவிட்டது. வீட்டில் பீர் தயாரிப்பவர்களை உரிமத்துக்குக் கீழே கொண்டுவந்ததும் அதே சட்டம்தான். அந்தக் கட்டுப்பாடு 1963இல் ரெஜினால்ட் மாட்லிங் நிதியமைச்சராக இருந்தபோதுதான் நீங்கியது. அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்த 1920 முதல் 1933 வரையிலான ஆண்டுகளில், ஹாப்ஸ் சேர்த்த மால்ட் பாகு மளிகைக் கடைகளில் வெளிப்படையாக விற்றது. அது ரொட்டி சுடுவதற்கு என்று சொல்லப்பட்டாலும் எதற்கு வாங்குகிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. வாங்கிப்போனவர்கள் அதில் சர்க்கரையைத் தாராளமாகக் கொட்டினார்கள். வீட்டு பீருக்குச் சட்டத்தின் அனுமதி அந்நாட்டில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகே வந்தது. ஆஸ்திரேலியாவில் 1970களின் தொடக்கத்தில் தடை நீங்கிய பின்னர், அடிலெய்டில் 1862 முதல் பீர் தயாரித்துவரும் கூப்பர்ஸ் போன்ற நிறுவனங்கள் டப்பாக்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. இந்தப் பின்னணியில் டப்பா தயாரிப்பாளர் மனத்தில் வைத்திருந்தது செலவும் எளிமையும்தான். மலிவான சர்க்கரை பாதிக் கனத்தைத் தரும் என்ற கணக்கில்தான் டப்பாவுக்குள் இருக்கும் மற்ற எல்லாமும் அளக்கப்பட்டன. (தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். இந்தக் கட்டுரையில் பேசப்படுவது, அது அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பழக்கம்.)

முதலில் டூக்கன்காரர்கள் பக்கம் இருக்கும் நியாயத்தைப் பார்ப்போம். ஒரு கிலோ மால்ட் பாகை ஒரு லிட்டர் அளவுக்குக் கரைத்தால், அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஏறக்குறைய 300 புள்ளி கிடைக்கும் என்று வைத்துக் கணக்கிடலாம். அப்படியானால் 1.7 கிலோ பாகு 23 லிட்டரில் 22 புள்ளி தரும். ஒரு கிலோ சர்க்கரை இன்னும் 17 புள்ளி அளவுக்குச் சேர்க்கும். இரண்டும் சேர்ந்து 39 புள்ளி, அதாவது தொடக்க அடர்த்தி 1.039. நொதிக்கப்போகும் சரக்கில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வெறும் சர்க்கரை. சர்க்கரை தன்னளவில் பீருக்குப் பகையன்று. பெல்ஜியத்தின் ட்ரிபெல் வகைப் பீர்கள் அதைச் சேர்த்தே பெயர் பெற்றன. ஆனால் அங்கே அது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது, அடியில் கனத்த மால்டும் இருக்கும். இங்கே ஏற்கெனவே மெலிந்த கரைசலில் அது பாதியை நெருங்குகிறது. சர்க்கரை முழுவதும் சாராயமாகவும் வாயுவாகவும் மாறிப்போய்விடும், நாக்குக்கு எதையும் மிச்சம் வைக்காது. ஈஸ்டுக்கு வேண்டிய நைட்ரஜன் சத்தும் அதில் இல்லை. மால்டிலிருந்து வரும் சத்தை வைத்தே ஈஸ்ட் மொத்தச் சரக்கையும் நொதிக்க வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது டப்பா இந்த இரண்டு குறைகளையும் தீர்க்கிறது. நொதிக்காமல் தங்கும் மாவுச்சத்துத் துணுக்குகள் பீருக்கு உடலைத் தருகின்றன, நுரை நிற்கிறது, ஈஸ்டுக்கும் தீனி கிடைக்கிறது. இரண்டு டப்பா ஊற்றினால் பீர் வலுவாகிவிடும் என்று பலர் நினைப்பதும் கணக்கில் நிற்பதில்லை. 3.4 கிலோ பாகு தருவது 1.044. ஆனால் மால்டில் ஒரு பகுதி நொதிக்காமல் நின்றுவிடுவதால், இரண்டு வழியிலும் சாராய அளவு நாலரை சதவீதத்தை ஒட்டியே வரும். போதை ஏறாமல் சுவை ஏறுகிறது என்பது, என் பார்வையில், இந்தப் பழக்கத்துக்குச் சாதகமான வலுவான வாதம்.

ஆனால் அதே கணக்கை ஹாப்ஸுக்கும் போட்டுப் பார்த்தால் படம் மாறுகிறது. பீரின் கசப்பை ஐ.பி.யு. என்ற அலகால் அளக்கிறார்கள். வெளிர்நிற லாகர் டப்பா ஒன்று 23 லிட்டரில் 30ஐ ஒட்டிய கசப்பைத் தரும், கருநிற ஸ்டவுட் டப்பா ஒன்று 50ஐத் தாண்டும். ஒரு டப்பாவும் சர்க்கரையும் சேர்ந்த கரைசலுக்கே அது கொஞ்சம் தாராளமான அளவு. சர்க்கரைக்குப் பதிலாக அதே லாகர் டப்பா இன்னொன்று விழும்போது அடர்த்தி 1.039இலிருந்து 1.044க்குத்தான் போகிறது, கசப்போ முப்பதிலிருந்து அறுபதாகிறது. இரண்டு ஸ்டவுட் டப்பா சேர்ந்தால் நூறைத் தாண்டும். பீரின் சமநிலையைப் பார்க்கக் கசப்பு எண்ணை அடர்த்திப் புள்ளிகளால் வகுப்பது தயாரிப்பாளர்களிடையே உள்ள வழக்கம். மால்ட் முன்னிற்கும் பீர்களில் அந்த விகிதம் அரையை ஒட்டியிருக்கும், கசப்பு முன்னிற்கும் பீர்களில் ஒன்றை ஒட்டியிருக்கும். இரண்டு ஸ்டவுட் டப்பாவில் அது இரண்டையும் தாண்டிவிடுகிறது. கடையில் வாங்கிய புளிக்காய்ச்சலைச் சோற்றில் கலக்கும்போது, சோற்றில் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு புட்டி புளிக்காய்ச்சலைக் கொட்டினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் நடக்கிறது. உப்பும் புளியும் முன்கூட்டியே அளந்து வைக்கப்பட்ட பொருளை இரட்டித்தால் உப்பும் புளியும் சேர்ந்தே இரட்டிக்கும். ஹாப்ஸ் சேர்த்த டப்பா வெறும் மூலப்பொருள் ஆகாது. அது பாதி எழுதி முடித்த சமையல் குறிப்பு.

கசப்பு இரட்டித்தால் ஹாப்ஸின் மணமும் இரட்டிக்குமே என்று எதிர்பார்க்க இடமில்லை. பாகைச் சுண்டவைக்கும்போதே ஆவியாகும் எண்ணெய்களில் பெரும்பகுதி போய்விடுகிறது, தங்குவது கசப்புதான். மணமில்லாத கசப்பு தட்டையாகவும் முரட்டுத்தனமாகவும் இருக்கும். டூக்கன் பீர்களைப் பற்றிய முணுமுணுப்புகளில் பாதி இதிலிருந்து வருகிறது. டப்பாவின் வயதும் இதில் சேர்ந்துகொள்கிறது. திரவ மால்ட் பாகு அலமாரியில் இருக்க இருக்கக் கறுக்கும், பழைய வெல்லத்தின் வாடை ஏறும். ஒரே பழைய டப்பாவில் அதைச் சர்க்கரை ஓரளவு நீர்க்கச் செய்துவிடும். இரண்டும் பழையதாக இருந்தால் மறைக்க எதுவும் இல்லை.

இனி அதிகம் பேசப்படாத ஒரு செய்தி. டூக்கன் பீர் நன்றாக வந்தது என்று மகிழ்பவர்கள் அந்தப் பெருமை முழுவதையும் மால்டுக்கே கொடுக்கிறார்கள். ஆனால் இரண்டு டப்பா வாங்கும்போது ஈஸ்ட் பொட்டலமும் இரண்டாகிறது. டப்பாவோடு வரும் பொட்டலம் ஆறு ஏழு கிராம்தான். தனியாக விற்கும் நல்ல ஏல் ஈஸ்ட் பொட்டலங்கள் இதே 23 லிட்டர் அளவுக்கு 11 கிராமை ஒட்டி வருகின்றன. ஆகவே ஒற்றை டப்பாப் பீரில் ஈஸ்ட் எண்ணிக்கை தொடக்கத்திலேயே பற்றாக்குறை. பற்றாக்குறை ஈஸ்ட் மெதுவாகத் தொடங்குகிறது, இடையில் திணறுகிறது, பழ வாசனையும் ஆப்பிள் புளிப்பும் போன்ற வேண்டாத சுவைகளை விட்டுவைக்கிறது. அந்த ஆப்பிள் புளிப்புக்குச் சர்க்கரைதான் காரணம் என்று பழி சொல்வது நெடுநாள் வழக்கம். சர்க்கரையின் பங்கு அதில் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் குறைந்த ஈஸ்டையும், கோடைக் கொட்டகையில் கொதிக்கும் வாளியையும் அப்படியே வைத்துக்கொண்டு சர்க்கரையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது சரியான விசாரணை ஆகாது. இரண்டு பொட்டலங்களையும் தூவிய டூக்கன்காரர், தான் மாற்றியது ஒன்றுதான் என்று நினைக்கிறார், உண்மையில் அவர் மாற்றியது இரண்டு. எது வேலை செய்தது என்று அறிய வேண்டுமானால், ஒற்றை டப்பாவில் போதிய ஈஸ்ட் இட்டு, 18 முதல் 20 டிகிரி செல்சியஸில் நொதிக்கவிட்டு ஒப்பிட வேண்டும். இந்த ஒப்பீட்டைச் செய்யாத பாராட்டு எதுவும் சான்றாகாது.

மறுப்புகள் உண்டு. பிரிட்டனில் சஃபோக் மாவட்டத்து மன்டன்ஸ் நிறுவனமே இரண்டு டப்பா கொண்ட 3 கிலோ கிட்டுகளைச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லி விற்றுவந்திருக்கிறதே, வுட்ஃபோர்ட்ஸ் வெர்ரி கிட்டும் அப்படித்தானே என்று கேட்கலாம். நல்ல கேள்விதான், ஆனால் அது என் வாதத்துக்கே துணை வருகிறது. அந்த இரண்டு டப்பாவும் சேர்ந்து ஒரே பீராக வடிவமைக்கப்பட்டவை. மொத்தக் கசப்பும் மொத்த மால்டுக்கு ஏற்றபடி முன்பே பகிரப்பட்டிருக்கிறது. தனித்தனியே சர்க்கரைக்காக அளக்கப்பட்ட இரண்டு டப்பாக்களை வீட்டில் சேர்ப்பது வேறு காரியம். அடுத்த மறுப்பு, ஆறு மாதம் காத்திருந்தால் கசப்பு தணிந்துவிடும் என்பது. தணியும், உண்மைதான். ஹாப்ஸின் கசப்புச் சேர்மங்கள் காலப்போக்கில் சிதைகின்றன. கருநிற ஸ்டவுட் அந்தக் காத்திருப்பைத் தாங்கும். வறுத்த தானியத்தின் காப்பிச் சுவை கசப்புக்குத் துணை நிற்கிறது, ஆக்சிஜன் ஏறுவதால் வரும் முதுமைச் சுவைகூட அதில் ஷெர்ரி போலப் பொருந்திப்போகலாம். டூக்கன் ஸ்டவுட்டுக்கு இத்தனை அன்பர்கள் இருப்பது அதனால்தான், அந்த அன்பில் தவறில்லை. வெளிர்நிற பீரின் கதை வேறு. அதன் கசப்பு தணியும் வேகத்திலேயே அதன் புத்துணர்ச்சியும் போய், ஈரக் காகிதத்தின் வாடை வந்துவிடும். எண்களை நாக்கு அறியாது என்று சொல்பவர்களும் உண்டு. நூறுக்கு மேலே கசப்பின் வேறுபாடு நாக்குக்குத் தெரிவதில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். முப்பதுக்கும் அறுபதுக்கும் உள்ள வேறுபாடு யாருக்கும் தெரியும்.

சுவையைத் தாண்டிய ஓர் ஆபத்தும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. முழுவதும் பாகினாலேயே செய்த பீர்கள் 1.020ஐ ஒட்டி நொதிப்பு நின்றுபோவதற்குப் பெயர் பெற்றவை. பாகில் நொதிக்காத பகுதி கூடுதலாக இருப்பது ஒரு காரணம், ஈஸ்ட் சோர்ந்துவிடுவது இன்னொன்று. இரண்டாவது காரணமாக இருந்தால் நொதிப்பு முடியவில்லை, தூங்குகிறது என்று பொருள். குமிழி வருவது நின்றுவிட்டதே என்று புட்டிகளில் அடைத்து, வாயுவுக்காகச் சர்க்கரையும் இட்டு மூடினால், பின்னர் ஒரு வெயில் நாளில் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். கண்ணாடிப் புட்டி வெடிக்கும். கண்ணும் கையும் போகக்கூடிய விபத்து இது. சர்க்கரை முழுக்க நொதிக்கும் கிட் அண்ட் கிலோவில் இந்த ஐயம் குறைவு. இரண்டு டப்பா ஊற்றுபவர் ஹைட்ரோமீட்டர் இல்லாமல் புட்டி அடைக்கவே கூடாது. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவு மாறாமலும், எதிர்பார்த்த இறுதி அடர்த்தியை ஒட்டியும் இருந்தால்தான் அடைக்கலாம். மாறாமல் இருந்தும் 1.020இலேயே நின்றால், வாளியை இளஞ்சூட்டுக்குக் கொண்டுபோய் மெல்ல ஆட்டிவிட்டு, இன்னும் பொறுத்துப் பார்ப்பதே முறை.

ஆக, சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்பதில் டூக்கன்காரர்களோடு எனக்கு முழு உடன்பாடு. அதன் இடத்தை ஹாப்ஸ் சேர்த்த இன்னொரு டப்பாவால் நிரப்புவதில்தான் வேறுபாடு. ஹாப்ஸ் சேர்க்காத மால்ட் பாகும் 1.5 கிலோ டப்பாவில் கிடைக்கிறது. ஒரு லாகர் டப்பாவோடு அதைச் சேர்த்தால் 1.042 அடர்த்தி, 30ஐ ஒட்டிய கசப்பு, முக்காலை நெருங்கும் விகிதம். டூக்கன் தருவதாகச் சொல்லும் உடல் அத்தனையும் இதில் உண்டு, முரட்டுக் கசப்பு மட்டும் இல்லை. அந்தச் சாதாரணப் பாகில் ஒரு பகுதியைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் ஹாப்ஸோடு பத்து நிமிடம் கொதிக்கவிட்டால், டப்பாவில் இல்லாத மணமும் வந்து சேரும். இந்தப் பாகுக்காகத் தனிக் கடை தேடிப் போக வேண்டியிருக்கிறது, ஹாப்ஸ் சேர்த்த டப்பாவோ பக்கத்துக் கடையிலேயே இருக்கிறது என்ற நடைமுறைச் சிக்கலை நான் அலட்சியம் செய்யவில்லை. இந்தப் பழக்கம் பரவியதற்குச் சுவையைவிட அதுவே பெரிய காரணம் என்று தோன்றுகிறது. இரண்டு ஹாப்ஸ் டப்பாக்களைத்தான் சேர்ப்பேன் என்பவர் அலமாரியில் இருப்பவற்றில் கசப்பு மிகக் குறைந்த வகையை, மெக்சிகன் பாணி மென்லாகர் போன்றதை, இரண்டு எடுக்கட்டும். அது 40 ஐ.பி.யு. அளவில், நல்லதொரு பேல் ஏலின் சமநிலைக்கு அருகில் வந்து நிற்கும். ஸ்டவுட் விரும்பி, ஆறு மாதம் பொறுக்கக்கூடியவர் கருநிற டப்பாக்களை இணைக்கலாம். வெளிர்நிற லாகர் வேண்டும் என்பவர் மட்டும் அதே லாகர் டப்பாவை இரண்டாவதாகக் கூடையில் போட வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு நல்ல ஈஸ்ட் பொட்டலமும், ஹாப்ஸ் சேர்க்காத உலர் மால்ட் பாகுத் தூள் ஒரு கிலோவும் வாங்கிக்கொள்ளட்டும்.