கட்டாயக் காக்கி

பெல்ட்டின் பித்தளைக் கொக்கியைப் புளி போட்டுத் தேய்த்து, காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, பூட்ஸ் கடித்த காலோடு விடியற்காலையில் மைதானத்துக்கு ஓடிய கதையைப் பெரியப்பா சொல்லாத தீபாவளி கிடையாது. 1962 முதல் 1965 வரை அவர் திருச்சியில் பி.ஏ. படித்தார். அவராக விரும்பி என்.சி.சி.யில் சேரவில்லை. இரண்டாம் ஆண்டில் அது கட்டாயமாயிற்று, போனார்.

1962 அக்டோபர் 20-ல் சீனப் படைகள் தாக்கின. ஒரே மாதத்தில் சண்டை நின்றது, அவமானம் நிற்கவில்லை. 1948-ல் விருப்பமுள்ள மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட தேசிய மாணவர் படை (என்.சி.சி.), 1963-ல் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயம் ஆனது. அந்த நேரத்துப் பதற்றம் புரிகிறது. ஆனால் நோய் ஒன்று, மருந்து வேறு. நம் ஜவான்கள் தோற்றது கல்லூரிப் பையன்களுக்கு அணிவகுக்கத் தெரியாததால் அல்ல. மலைக்குளிருக்கு உடுப்பில்லை, போக்குவரத்துக்குச் சாலையில்லை, கையில் இருந்ததோ பழைய பாணி .303 துப்பாக்கி. அதே .303-ஐத்தான் மாணவர்கள் கையிலும் கொடுத்தார்கள்.

அந்தத் துப்பாக்கி ஏறக்குறைய நாலு கிலோ. குப்புறப் படுத்து, கட்டையைத் தோளில் இறுக்கிப் பிடிக்காமல் சுட்டால் தோள்பட்டை கன்றிப்போகும். அந்தக் கன்றலைப் பற்றிப் பேசும்போது மட்டும் பெரியப்பா முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். முகாமும் அப்படித்தான். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்காமல் ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே வரிசையில் தட்டேந்தி நின்றது அவருக்கு அதுவே முதல் தடவை. அவர் வளர்ந்த கிராமத்தில் அது நடந்திருக்காது. இந்தப் பயிற்சிக்கு ஆதரவாக நான் ஒரே ஒரு காரணம் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கூடாரத்தைத்தான் சொல்வேன்.

மற்ற நாட்களில் நடந்ததோ வேறு. வாரத்துக்குச் சில மணி நேரப் பரேடில் சிப்பாயும் உருவாக மாட்டான், படிப்பும் உருப்படாது. ஆள் பெருகப் பெருக மைதானத்தில் நிற்க இடமில்லை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. வருகைப் பதிவுக்கும் பரேடு முடிந்து கிடைக்கும் டிபனுக்குமாக வந்து நின்றவர்களே அதிகம் என்கிறார் பெரியப்பா. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மனசு வராமல் நிற்பவனிடம் ஒழுங்கை எதிர்பார்த்ததுதான் தவறு.

தமிழ்நாட்டில் இன்னொரு முள்ளும் இருந்தது. பரேடு ஆணைகள் இந்தியில். 1965 ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள்; சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். தெருவில் இந்தி வேண்டாம் என்று முழங்கிய அதே பிள்ளைகள் மைதானத்தில் ‘சாவ்தான்’ என்றதும் விறைத்து நிற்க வேண்டும். நாட்டுப்பற்றை வளர்க்க வந்த பயிற்சி, அவர்களைத் தங்கள் மொழிக்கு எதிரே நிறுத்தியது. 1968 ஜனவரி 23-ல் அண்ணா அரசு நிறைவேற்றிய மொழித் தீர்மானம், பள்ளிப் பாடத்திட்டத்தில் இருந்த இந்தியோடு சேர்த்து என்.சி.சி.யின் இந்தி ஆணைச் சொற்களையும் எதிர்த்தது. சின்ன விஷயம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆணை காதில் விழும் மொழியில்தான் படை யாருடையது என்பதை ஒரு பையன் உணர்கிறான்.

அதே 1968-ல் கட்டாயம் நீங்கியது. மாணவர்களுக்கு இன்னொரு வழியாக, அடுத்த ஆண்டு 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. 1971-ல் மறுபடி போர் வந்தபோது, ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு உதவியாகவும் காவல் சுற்றுகளிலும் மாணவர் படையினர் நின்றார்கள். அப்போது அவர்கள் விரும்பிச் சேர்ந்தவர்கள்.

சீனப் போருக்குப் பின் அதிகாரிகள் போதாமல், 1963 ஜனவரியில் சென்னை பரங்கிமலையில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் திறந்தார்கள். பெரியப்பாவின் வகுப்பிலிருந்து பட்டம் வாங்கிய கையோடு அங்கே போனவர் ஒருவர்தான். கட்டாயம் வருவதற்கு முன்பே, முதலாண்டிலேயே, தானாகப் போய் என்.சி.சி.யில் பெயர் கொடுத்திருந்தவர் அவர்.