தீவகத்தை எந்த உயரத்திலிருந்து பார்ப்பது

ட்ரோன் கமரா வந்த பிறகுதான் யாழ்ப்பாணத் தீவகம் தன் முகத்தைக் கண்டது என்றொரு பேச்சு சில காலமாக நடக்கிறது. கண்காட்சித் திறப்புரைகளில் கேட்கிறோம், சுற்றுலா மலர்களின் முன்னுரைகளில் படிக்கிறோம். அதற்கு முன் இந்தத் தீவுகளை யாரும் ஒழுங்காகப் படம் எடுக்கவில்லை, எடுத்த ஒருசிலருக்கும் இவற்றின் அழகு பிடிபடவில்லை என்பது அதன் உட்பொருள். எழுவைதீவு இந்தப் பேச்சுக்கு வாய்ப்பான உதாரணமாகிவிட்டது: நீலப் பச்சைக் கடல், வெண்மணல் விளிம்பு, நடுவே பனங்கூடல், ஓரத்தில் சுழலும் காற்றாலை. மனிதர் ஒருவரும் இல்லை. இந்தப் பேச்சு தவறானது. தீவகத்துக்குத் தீங்கானதும்கூட என்பதே என் எண்ணம்.

முன்கதை தெரிந்ததுதான், விரைவாகக் கடந்துவிடலாம். 1852இல் பிரெடெரிக் ஃபீபிக் இலங்கையைப் படமெடுத்துக் கையால் வண்ணம் பூசினார். பிறகு கொழும்பில் ஸ்கீன், கண்டியில் ஸ்கோவன், 1890 முதல் பிளாத்தே கம்பனி என வணிக ஸ்டூடியோக்கள் வந்தன. அவற்றின் கண் மலைநாட்டிலும் கொழும்புத் துறைமுகத்திலும் இருந்தது. ஜோசப் லோட்டன் 1870, 71இல் அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் இடிபாடுகளைப் பதிவு செய்தார். வடக்கு இவர்கள் கண்ணில் பட்டபோது கோட்டையாகவும் பனையாகவும்தான் பட்டது.

ஜூலியா மார்கரட் கமரன் மட்டும் நின்று பார்க்கவேண்டியவர். 1875இல் இலங்கைக்குக் குடிவந்து 1879இல் இங்கேயே இறந்த அவர், களுத்துறையில் தமிழ், சிங்களத் தொழிலாளரைக் கமரா முன் இருத்தினார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசனுக்கும் டார்வினுக்கும் பெயர் உண்டு. களுத்துறை வீட்டுக்கு விருந்தாளியாக வந்த ஓவியர் மரியான் நோர்த்துக்கும் பெயர் உண்டு. தொழிலாளருக்குப் பெரும்பாலும் இல்லை. அந்த முகங்களில் ஒளி விழும் விதத்தில் கமரனின் மேதைமை குறைவின்றி இருக்கிறது. அவை யாருடைய முகங்கள் என்று எழுதிவைக்க அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. இந்த நாட்டு ஒளிப்படக் கலையின் பழைய நோயை அங்கேயே காண்கிறேன்.

லயனல் வெண்ட் (1900–1944) வந்ததும் கலை நிமிர்ந்து நின்றது. அவருடைய படங்கள் மறைவுக்குப் பின் 1950இல்தான் நூலாயின. நிழலை எப்படிக் கையாள்வது என்பதை இன்றுவரை அவரிடம் கற்கிறார்கள். ஆனால் வெண்டுக்கு மனித உடல் மீது இருந்த தணியாத ஆர்வத்தைப் பின்வந்த நிலக்காட்சிக்காரர்கள் விட்டுவிட்டார்கள். ஒளியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்களில் பெரியவர் நிஹால் பெர்னாண்டோ. 2015இல் மறைந்த அவரும் அவருடைய ஸ்டூடியோ டைம்ஸும் இல்லாமல் இலங்கையின் இயற்கை ஒளிப்படம் இல்லை. காட்டில் காத்திருப்பது எப்படி, விலங்கைக் கலைக்காமல் எடுப்பது எப்படி என்று ஒரு தலைமுறைக்கே அவர் பழக்கினார். அவருடைய ‘த வைல்ட், த ஃப்ரீ, த பியூட்டிஃபுல்’ 1986இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நிஹாலைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. காடுகளுக்காக வாழ்நாள் முழுக்கப் போராடியவர் அவர். ஆயினும் வனம், சுதந்திரம், அழகு என்ற மூன்றும் மனிதர் இல்லாத இடத்தில்தான் சேர்ந்து இருக்கும் என்ற நம்பிக்கையை அந்த மரபு ஆழமாக ஊன்றிவிட்டது. தீவகத்துக்குக் கமராவோடு இன்று வருகிறவர் அந்த நம்பிக்கையையும் பையில் கொண்டுவருகிறார்.

நெடுந்தீவுக் குதிரைகளைப் பாருங்கள். ஒல்லாந்தர் காலம் முதல் அங்கே இருப்பவை என்று சொல்லப்படும் அவை இப்போது கட்டாக்காலிகளாகத் திரிகின்றன. 2015இல் அந்தப் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. படங்களில் அவை பிடரி பறக்க, செவ்வானத்தின் முன் நிற்கின்றன. கோடையில் தண்ணீர் இல்லாமல் அவை செத்துவிழுவதும், ஊர்ச்சனமும் அதிகாரிகளும் தொட்டிகளில் நீர் நிரப்புவதும் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகின்றன. அந்தத் தண்ணீர்த் தொட்டியையும் சேர்த்து எடுத்த படம் ஒன்று நூறு அந்திவானங்களுக்குச் சமம்.

இந்த இடத்தில் அக்கரையின் மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அ. மாதவையாவின் மகன், 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் பத்தி எழுதியவர், தமிழிலும் காட்டுயிரைப் பற்றி அருமையாக எழுதியவர். பல கமராக்களின் பாகங்களைக் கோத்துத் தானே செய்த கருவிக்கு ‘சூப்பர் பொண்டரோசா’ என்று பெயர் வைத்தார். வண்ணப்படம் உலகை ஆண்ட காலத்திலும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. அவர் படத்தில் யானை தனித்துத் தொங்காது. எந்தப் புல்லில் நிற்கிறது, எந்த மரத்தின் பட்டையை உரித்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும். விலங்கு வாழும் இடத்தின் கணக்கு அவர் படத்தில் இருந்தது. அவரைத் தமிழ் எழுத்தாளராக மீட்டெடுத்த தியடோர் பாஸ்கரனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். பண்ணைப் பாலத்தருகே பூநாரைகளையும் கோட்டான்களையும் பெரிய லென்சால் இழுத்து, பின்னணியை வெண்ணெயாக உருக்கிவிடும் நம் இளைஞர்கள் கிருஷ்ணனின் படங்களைத் தேடிப் பார்க்கவேண்டும். அந்தச் சேற்றுக் கடல்தான் பறவையை அங்கே வரவழைக்கிறது. சேறு தெரியாத படம் பறவையைப் பற்றிப் பாதிதான் சொல்லும்.

இனி, எனக்கு நெருக்கமான காலம். ட்ரோன் பேச்சுக்காரர்கள் வெற்றிடம் என்று கருதுவதும் அதையே. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். அந்த ஆண்டு ஆவணி முதல் தீவகம் படையினர் வசமானது. பல ஊர்கள் வெறுமையாகின. புங்குடுதீவிலும் வேலணையிலும் கதவு, நிலை, ஓடு என்று ஒவ்வொன்றாகக் கழன்ற வீடுகளுக்குள் வடலிகள் முளைத்து மரமாயின. அந்தக் காலத்திலும் ஸ்டூடியோக்காரர்கள் வேலை செய்தார்கள். அடையாள அட்டைக்கு ஒரு முகம், கடவுச்சீட்டுக்கு ஒரு முகம், ஜேர்மனிக்கோ கனடாவுக்கோ அனுப்பக் கல்யாணப் பேச்சுப் படம். நம் ஒளிப்பட வரலாற்றின் மிகப்பெரிய தொகுதி இதுவே என்பது என் வாதம். கலை விமர்சகர்கள் இதைத் தொட்டுப் பார்த்ததில்லை.

இத்தொகுதி இன்று எங்கே இருக்கிறது? பெரும்பகுதி இடம்பெயர்வில் அழிந்தது. எஞ்சியதில் கணிசமானது கல்வெட்டுகளில், அதாவது இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் அச்சிட்டுக் கொடுக்கும் அந்தச் சிறு நூல்களில் இருக்கிறது. அவற்றில் ஒன்றை எடுத்து முகப்புப் படத்தைக் கூர்ந்து பாருங்கள். பெரும்பாலும் அது அவருக்கென்று எடுத்த படமாக இராது. ஏதோ கல்யாண வீட்டில் பத்துப்பேரோடு நின்றதிலிருந்து வெட்டியெடுத்திருப்பார்கள். இடப்பக்கம் யாரோ ஒருத்தியின் சேலைத் தலைப்பு மிஞ்சியிருக்கும். பின்னால் இருந்த சுவரை அழித்து நீல வானம் ஒட்டியிருப்பார்கள். அந்தச் சுவர் ஊரில் விட்டுவந்த வீட்டின் சுவராக இருக்கக்கூடும். அதன் ஒரே படமாகவும் இருக்கக்கூடும். உள்ளே இறந்தவரின் ஊர், பெற்றோர், மக்கள், மருமக்கள், பேரர் என எல்லாப் பெயரும் வரிசையாக இருக்கும். கமரனின் களுத்துறைப் படங்களில் இல்லாத அந்த ஒன்று இங்கே குறைவில்லாமல் இருக்கிறது.

அந்தக் காலத்தின் இன்னொரு முனையில் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் நிற்கிறார். தீவகத்தவர் அல்லர், திருகோணமலைச் செய்தியாளர். 2006 ஜனவரி 2 அன்று அங்கே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது குண்டுவெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. சுகிர்தராஜன் பிணவறையில் எடுத்த படங்கள் அவர்கள் கிட்டத்தில் வைத்துச் சுடப்பட்டதைக் காட்டின. ஜனவரி 24 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வன்னியில் இறுதிப்போரைக் கமராவோடு கடந்த கவிஞர் அமரதாஸையும் இவ்வரிசையில் வைக்கவேண்டும். இவர்களுடைய படங்களுக்கு அழகியல் இல்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கிட்டப்போய் நின்று எடுத்த துணிவும், எடுத்ததன் கீழ் இடமும் நாளும் எழுதிய பொறுப்பும் அழகியலில் சேராதென்றால், அந்த அழகியலை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது?

2009க்குப் பின் பாதை திறந்தது. தெற்கிலிருந்து நயினாதீவுக்கு யாத்திரிகர் திரண்டனர். அவர்களோடு கமராக்களும் வந்தன. அப்போது பிறந்தது இடிந்த வீட்டுப் படம்: கூரையில்லாச் சுவர், உள்ளே ஆலம்விழுது, சன்னல் வழியே சரிந்த வெயில். எத்தனை கண்காட்சிகளில், எத்தனை நாட்காட்டிகளில் பார்த்துவிட்டோம்! ‘கைவிடப்பட்ட வீடு’ என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். அந்த வீட்டை யாரும் கைவிடவில்லை. வீட்டுக்காரர் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கிறார்; உறுதி அவர் பெட்டியில் இருக்கிறது; பக்கத்துக் காணிக்காரரிடம் கேட்டால் அவர் பெயர் தெரியும். கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

எழுவைதீவுக்கு வருவோம். பரப்பு ஒன்றரைச் சதுர கிலோமீற்றர் அளவே. ஊர்காவற்துறையிலிருந்து படகு. சில நூறு சனம், கடற்றொழிலும் பனையும். மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. படகில் வரும்போது தீவு ஒரு கோடுதான், கோட்டின் மேல் பனைவட்டுகள். இறங்கிய பிறகும் கண்ணுக்கு விரிகின்ற காட்சி எதுவும் கிடைக்காது. தட்டை நிலத்தில் தூரம் தன்னைக் காட்டாது. முன்னால் ஏதாவது இருந்தால்தான் படம் நிற்கும். கற்களை அடுக்கிய வேலி, கிடுகுப் படலை, கரையில் கவிழ்த்த வள்ளம், வலை பொத்துகிற ஆள். ஆகவே இந்த நிலம் படமெடுப்பவரை ஆளிடம் போகச் சொல்கிறது. படலையைத் திறந்து உள்ளே போய், ஆரென்று சொல்லி, தேத்தண்ணி குடித்து, பிறகு கமராவை எடுக்கச் சொல்கிறது. தீவகத்தின் நிலக்காட்சிக்கு இதுவே இயல்பான இலக்கணம். ட்ரோன் இந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. இறங்குதுறையில் நின்றபடியே, ஒருவரோடும் பேசாமல், தீவு முழுவதையும் எடுத்துக்கொண்டு அடுத்த படகில் திரும்பிவிடலாம்.

கிடைக்கும் படம் பொய் சொல்வதில்லை என்பார்கள். அது சொல்லாமல் விடுவதைப் பார்க்கவேண்டும். அழகுக்காகச் சட்டகத்தில் வைக்கப்படும் காற்றாலை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் அமைந்த கலப்பு மின் திட்டத்தின் பகுதி; சூரியத் தகடு, மின்கலம், டீசல் இயந்திரம் எல்லாம் சேர்ந்தது. அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவுக்கான அதுபோன்ற திட்டம் 2021இல் ஒரு சீனக் கம்பனிக்குப் போக, இந்தியா எதிர்க்க, 2022இல் இந்திய நன்கொடையாக மாறியது. மேலிருந்து பார்த்தால் அம்பு முனைகளாகத் தெரிவது களங்கண்டி. கம்பு நட்டு வலை கட்டி, வற்றும் பெருக்கும் அறிந்து மீனை வழிமறிக்கும் பழந்தொழில். அதன் பக்கத்தில் இப்போது சதுரம் சதுரமாகக் கடலட்டைப் பண்ணைகள். ட்ரோன் படத்தில் இரண்டும் அழகிய கோலங்கள்தான். இந்தப் பண்ணைகளை எதிர்த்து 2022இல் கிராஞ்சியில் மீனவர்கள் போராடினார்கள் என்பதும், களங்கண்டி போட்டவருக்கு இடம் சுருங்கிப்போகிறது என்பதும் அங்கே தெரியாது. தெளிந்த நீலத்தின் அடியில் மடியிழுவைப் படகுகள் சுரண்டிய தரையும் தெரியாது. இலங்கை 2017இல் அந்தத் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்த பிறகும் தமிழ்நாட்டு விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் இரவில் வருகின்றன. விடிய எழுந்து அறுந்த வலையைக் கையில் ஏந்தி நிற்பவரை எடுக்க முந்நூறு அடி உயரம் உதவாது.

வழி தெரியாமல் இல்லை. பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம், இராமநாதபுரக் கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்களை எம். பழனிக்குமார் எடுத்த படங்கள் இருக்கின்றன. கழுத்தளவு நீருக்குள் அவரும் இறங்கியிருக்கிறார். பெண்களுக்குப் பெயர் இருக்கிறது. விரலில் சுற்றிய துணி, கண்ணாடி, சாக்கு எல்லாம் படத்தில் இருக்கின்றன. கடல் அங்கேயும் அழகாகத்தான் இருக்கிறது. அந்த அழகுக்குள் யார் மூச்சடக்கி இறங்குகிறார்கள் என்பதும் தெரிகிறது. அதே கடல், அதே வெயில். இந்தக் கரையில் அப்படி ஒரு தொகுதி இன்னும் வரவில்லை. அதை எடுக்கக்கூடியவர்கள் எழுவைதீவிலும் அனலைதீவிலும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் தொலைபேசிக் கமரா ஏற்கனவே இருக்கிறது.

அதுவரை செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பிரித்தானிய நூலகத்தின் உதவியுடன் தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களை மின்வடிவில் சேர்த்தார்கள். நம்மிடம் 2005 முதல் நூலகம் நிறுவனம் இருக்கிறது; நினைவு மலர்களை அது ஏற்கனவே சேர்த்துவருகிறது. தீவகத்துக் கல்வெட்டுகளையும், கோயில் மலர்களையும், பாடசாலை நூற்றாண்டு மலர்களையும், வெளிநாட்டு அலுமாரிகளில் கிடக்கும் அல்பங்களையும் ஊர் ஊராகப் பிரித்து, ஒவ்வொரு படத்திலும் நிற்பவர் யார், பின்னால் தெரியும் வீடு யாருடையது, எந்த ஒழுங்கை என்று எழுதவேண்டும். 1990க்கு முந்திய எழுவைதீவை நேரில் கண்டு, முகம் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. ஸ்கார்பரோவிலும் லா சப்பலிலும் ஊர்ச் சங்கங்கள் ஆண்டுக்கொருமுறை இவர்களை ஒரே மண்டபத்தில் கூட்டுகின்றன. அடுத்த ஒன்றுகூடலில் ஒரு மேசையையும் ஒரு ஸ்கானரையும், எழுதத் தெரிந்த இரண்டு பிள்ளைகளையும் அங்கே இருத்துங்கள்.